முப்பது நொடிப் பொய்

டிஸ்கி: பொட்டி தட்டுறவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச கதைதான். தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம், கோடிங் எதுவும் கிடையாது.

கோவில்பட்டி பக்கத்துல எங்க சித்தப்பா ஹார்டுவேர் கடை வச்சிருக்கார். பிவிசி பைப், பெயிண்டு, போல்ட்டு, அப்புறம் நிஜ ஆணி. (நான் ஆபீஸ்ல புடுங்குறது வேற ஆணி :)) 2021-ல வீட்டிலிருந்தே வேலை பார்த்துட்டு இருந்தப்போ, சும்மா இருக்க முடியாம அவருக்கு ஒரு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பின்னாடி எஸ்க்யூலைட் டேட்டாபேஸ். மெஷின், அவர் பையன் ஓரங்கட்டி வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர். அதுல சுத்துற ஹார்ட் டிஸ்க்.

ரெண்டே நாள்ல கம்ப்ளெய்ண்ட். "பில்லு சேவ் ஆக மூணு நொடி ஆகுதுப்பா. கஸ்டமர் மூஞ்சியவே பார்த்துட்டு நிக்கான்." நெட்ல தேடினேன். சின்க்ரனஸ்ங்கிற செட்டிங்கை ஆஃப் பண்ணு, பறக்கும்னு எவனோ எழுதியிருந்தான். ஒரே ஒரு வரி. போட்டேன், பறந்துச்சு. சித்தப்பா அசந்துட்டார். அந்த தெம்புல இன்னொண்ணும் சொன்னேன்: "இனிமே சிட்டை எதுக்கு சித்தப்பா, எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கே." இருபத்தஞ்சு வருஷமா எழுதிட்டு இருந்த மனுஷன் எழுதுறதை நிறுத்திட்டார்.

மூணு வாரம் கழிச்சு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்துப்போனது. கரண்ட் வந்ததும் புரோகிராம் திறக்கல, டேட்டாபேஸ் சிதைஞ்சு போச்சுன்னு செய்தி. பென்டிரைவ்ல பேக்கப் எடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நடுவுல நாலு நாள் வியாபாரம், அதுல கடனுக்குப் போன சரக்கு எல்லாம் காத்துல. சிலர் தானா வந்து "எம்பேர்ல இவ்வளவு இருக்கும் அண்ணாச்சி"ன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போனாங்க. சிலர் வரல. சித்தப்பா என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

அந்த ஒரு வரி அப்படி என்னதான் பண்ணுச்சுன்னு தோண்டப் போனேன். தோண்டத் தோண்ட அறுபது வருஷக் கதை வந்துச்சு. அதைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல அடிப்படை. மெமரியிலிருந்து ஒரு தகவலை எடுக்க சுமார் 100 நானோ நொடி. சுத்துற ஹார்ட் டிஸ்க்ல அதே தகவலைத் தேடிப் பிடிக்க சுமார் 10 மில்லி நொடி. இந்த நம்பரெல்லாம் மண்டையில ஏறாது, அதனால இப்படி வச்சுக்குவோம்: மெமரிக்கு ஒரு நொடின்னா டிஸ்க்குக்கு ஒரு லட்சம் நொடி. அதாவது ஒரு நாளைக்கும் மேல. எஸ்எஸ்டி வந்தபிறகும் அது கால் மணி நேரத்துக்குப் பக்கம்தான். கடுகு தாளிக்கணும்னா ஒவ்வொரு தடவையும் யாராவது மளிகைக் கடைக்கு ஓடுவாங்களா? அதுக்குத்தான் அடுப்புக்குப் பக்கத்துல அஞ்சறைப்பெட்டி. ஆபரேட்டிங் சிஸ்டம் பண்றதும் அதேதான். டிஸ்க்லேர்ந்து ஒரு தடவை படிச்சதை மெமரியில கொஞ்சம் வச்சுக்கும். அடுத்த தடவை கேட்டா அங்கிருந்தே கொடுத்துடும்.

இதுக்குப் பேர்தான் கேஷ். கல்லாப்பெட்டியில இருக்கிற கேஷ் இல்லைங்க, இது ஒளிச்சு வைக்கிறதுங்கிற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்ல பதுக்கு நினைவகம்னு சிலர் எழுதுறாங்க, அர்த்தம் கச்சிதமா பொருந்துது. ஆனா பதுக்கல்னாலே நமக்கு அரிசி மூட்டைதான் ஞாபகம் வரும்ங்கிறதால நான் கேஷ்னே எழுதிட்டுப் போறேன். கம்ப்யூட்டருக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது ஒரு பத்திரிகை ஆசிரியர்னா நம்புவீங்களா? ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 85-ல, பிராசசருக்கும் மெயின் மெமரிக்கும் நடுவுல வேகமான சின்ன மெமரி ஒண்ணு வச்சாங்க. அதைப் பத்தி 1967 வாக்கில் கட்டுரை எழுதினவங்க "அதிவேக பஃபர்"னே எழுதியிருந்தாங்க. ஐபிஎம் சிஸ்டம்ஸ் ஜர்னல் ஆசிரியர் லைல் ஜான்சன் இன்னும் விளக்கமான ஒரு சொல் கேட்டுப் பார்த்தார். யாரும் தராததால அவரே "கேஷ்"னு யோசனை சொன்னார். ஒட்டிக்கிச்சு.

பேர் வர்றதுக்கு முன்னாடியே சரக்கு இருந்தது. 1962 டிசம்பர்ல மான்செஸ்டர்ல தொடங்கி வச்ச அட்லஸ் கம்ப்யூட்டர்ல மெயின் மெமரி 16 ஆயிரம் சொச்சம் சொற்கள்தான், சுத்துற டிரம்ல அதைப்போல ஆறு மடங்கு. டாம் கில்பர்ன் குழு ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய மெமரி மாதிரி புரோகிராமுக்குக் காட்டிச்சு. 512 சொற்கள் ஒரு பக்கம். இடம் பத்தலைன்னா எந்தப் பக்கத்தை வெளியே தள்ளுறதுங்கிறதுக்கு ஒரு "கற்றுக்கொள்ளும்" புரோகிராம் வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு நேரமா சும்மா கிடக்கு, போன தடவை எவ்வளவு நேரம் சும்மா கிடந்துச்சுன்னு கணக்குப் பார்த்து, இனி ரொம்ப நாளைக்குத் தேவைப்படாததை ஊகிக்கும். 1962-லேயே! நம்ம ஆட்கள் இன்னிக்கும் இதே ஊகத்துக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிறாங்க.

நமக்குத் தெரிஞ்ச வடிவத்துல டிஸ்க் கேஷ் வந்தது யூனிக்ஸ்லதான். இங்க கொஞ்சம் நிதானமா நடப்போம், ஏன்னா சித்தப்பா கடையில நடந்ததுக்கு விதை இங்கதான் இருக்கு.

1975-ல வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்போட மூலநிரல் இன்னிக்கு எல்லாருக்கும் கிடைக்குது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்துல ஜான் லயன்ஸ்னு ஒரு வாத்தியார் அதுக்கு வரிவரியா உரை எழுதினார். அப்புறம் வந்த லைசென்ஸ்ல, இந்த மாதிரி மூலநிரலை வகுப்புல வச்சுப் பாடம் நடத்தக் கூடாதுன்னு கம்பெனி தடை போட்டுச்சு. விடுவாங்களா? ஜெராக்ஸ் மேல ஜெராக்ஸா இருபது வருஷம் உலகம் முழுக்கச் சுத்தி, 1996-லதான் முறையா அச்சாச்சு. கல்லூரி ஹாஸ்டல்ல மங்கிப்போன ஜெராக்ஸ் நோட்ஸ் வச்சுப் பாஸ் பண்ண எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அந்த நிரல்ல கேஷோட மொத்த அளவு எவ்வளவு தெரியுமா? 15 பஃபர். ஒண்ணொண்ணுலயும் 512 பைட்டுள்ள ஒரு பிளாக். மொத்தம் ஏழரை கிலோபைட். எங்க அம்மா அனுப்புற காலை வணக்கப் படம் ஒண்ணு கூட அதுல அடங்காது. ஆனா அந்த 15 பஃபருக்குள்ள எல்லாமே இருந்தது. ஒரு பிளாக் வேணும்னா முதல்ல பஃபர்ல தேடு. இருந்தா டிஸ்க் பக்கமே போகாதே. இல்லைன்னா காத்திருப்போர் வரிசையில முதல்ல நிக்கிற பஃபரை எடுத்துக்கோ. வேலை முடிஞ்ச பஃபர் வரிசைக் கடைசிக்குப் போயிடும். அதாவது ரொம்ப நேரமா யாரும் தொடாதது முதல்ல காலியாகும். ஒருத்தன் ஃபைலை வரிசையா படிச்சுட்டு வர்றான்னு தெரிஞ்சா, அவன் கேட்கிறதுக்கு முன்னாடியே அடுத்த பிளாக்கையும் எடுத்து வச்சுடும்.

படிக்கிற வரைக்கும் இதுல பாவம் எதுவும் இல்லை. ஒளிச்சு வச்ச நகல் தொலைஞ்சா டிஸ்க்ல அசல் இருக்கு. வில்லங்கம் எழுதும்போதுதான் வருது.

ஒரு புரோகிராம் "இதை ஃபைல்ல எழுது"ன்னு சொன்னா யூனிக்ஸ் அதைப் பஃபர்ல போட்டுட்டு உடனே "எழுதியாச்சு"ன்னு சொல்லிடும். டிஸ்க்குக்கு அப்பத்தான் வேலை போயிருக்கும், இல்லை போயே இருக்காது. பிளாக் முழுசா நிரம்பியிருந்தா டிஸ்க்குக்கு வேலையைக் கொடுத்துட்டுக் காத்திருக்காம வந்துடும். பாதிதான் நிரம்பியிருந்தா, எப்படியும் இவன் இதுல இன்னும் எழுதுவான்னு பஃபர்லயே வச்சுக்கும். அந்தப் பஃபர் வேற எதுக்காவது தேவைப்படும்போதுதான் டிஸ்க்குக்குப் போகும். அதுவரைக்கும் சும்மா விடக்கூடாதுன்னு, எல்லாத்தையும் கொண்டு போய்க் கொட்டச் சொல்லி 30 நொடிக்கு ஒருமுறை விரட்டுறதுக்குன்னே ஒரு குட்டி புரோகிராம் பின்னாடி ஓடிட்டு இருந்தது.

ஆக, "எழுதியாச்சு"ங்கிறது ஒரு பொய். அதிகபட்சம் சுமார் முப்பது நொடி வாழ்ற பொய்.

இதுல கோபப்பட முடியாத விஷயம், எழுதினவரே இதை ஒத்துக்கிட்டார். யூனிக்ஸ் உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு கென் தாம்ப்ஸன் 1978-ல பெல் ஆய்வகப் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதினார். பஃபரோட பெருமையைச் சொல்லிட்டு, கையோட மூணு குறையையும் எழுதுறார். ஒண்ணு, புரோகிராமுக்கு "ஆச்சு"ன்னு சொன்ன பிறகு டிஸ்க்ல தப்பு நடந்தா அதை யார்கிட்ட போய்ச் சொல்றது? கிட்டத்தட்ட சொல்லவே முடியாது. ரெண்டு, மெஷின் திடீர்னு நின்னா, முடிஞ்சதா நினைச்ச நிறைய எழுத்து பஃபரோட போயிடும். அப்பப்போ கொட்டுறது உதவும், ஆனா தீர்வு ஆகாது. மூணு, நாம எழுதின வரிசையும் டிஸ்க்குக்குப் போற வரிசையும் வேற வேறயா இருக்கலாம்.

இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இந்த மூணுதான் மாத்தி மாத்தி வரப்போகுது.

சரி, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் விடலை? 1985-ல பெர்க்லியில ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் கூட்டாளிகளும் ஒரு வேலை பண்ணாங்க. பல்கலைக்கழகத்துல தினசரி ஓடுற யூனிக்ஸ் மெஷின்கள்ல எந்த ஃபைலை யார் எப்போ திறக்கிறாங்கன்னு பதிவு பண்ணி அலசினாங்க. 4 எம்பி கேஷ் இருந்தா டிஸ்க் போக்குவரத்துல 65-லிருந்து 90 சதவீதம் வரைக்கும் மிச்சம்னு தெரிஞ்சது. 65-ஆ 90-ஆங்கிறது, எழுதுறதை எவ்வளவு தூரம் தள்ளிப்போடத் துணியுறீங்கங்கிறதைப் பொறுத்தது. இன்னொண்ணு அதைவிட சுவாரஸ்யம்: புதுசா எழுதுற தகவல்ல 20-30 சதவீதம் 30 நொடிக்குள்ளயே அழிக்கப்படுது, அஞ்சு நிமிஷத்துக்குள்ள பாதி. தற்காலிக ஃபைல்கள். தள்ளிப்போட்டா அதையெல்லாம் டிஸ்க்ல எழுதவே வேண்டாம்! சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு உறுதியான ஆதாரம் வேற எங்கயும் பார்த்ததில்லை.

பொய் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒரு வழி வந்தது. 1983-ல வந்த 4.2பிஎஸ்டி-யில எஃப்சின்க்னு ஒரு அழைப்பு. "இந்த ஃபைலை நிஜமாவே டிஸ்க்ல எழுதிட்டு அப்புறம் வந்து சொல்லு, அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்"னு அர்த்தம். நான் ஆஃப் பண்ணினேனே ஒரு வரி, அது எஸ்க்யூலைட்டை இந்த எஃப்சின்க்கைக் கூப்பிடவிடாம தடுத்தது. அவ்வளவுதான் விஷயம்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் இந்தப் பொய் பரவினப்போ கூத்தே நடந்தது. 1993 மார்ச்ல வந்த எம்எஸ்-டாஸ் 6.0-ல ஸ்மார்ட்டிரைவ் எழுதுறதையும் தள்ளிப்போட்டது. டாஸ் ஜனங்களுக்கு ஷட்டவுன்னே ஒண்ணு தெரியாது. ஸ்கிரீன்ல சி பிராம்ப்ட் வந்துச்சா, வேலை முடிஞ்சுது, சுவிட்சை அமுக்கு. ஆனா பிராம்ப்ட் வந்தபோது பாதி தகவல் மெமரியிலயே உட்கார்ந்திருந்தது! ஃபைல் போச்சு, ஃபைல் போச்சுன்னு ஒரே கூப்பாடு. பழி பெரும்பாலும் அதோட சேர்ந்து வந்த டபுள்ஸ்பேஸ் மேல விழுந்தது. அதே வருஷம் நவம்பர்ல வந்த 6.2-ல, எல்லாத்தையும் எழுதி முடிச்ச பிறகுதான் பிராம்ப்ட் வரும்னு மாத்தினாங்க. விண்டோஸ் 95-ல கறுப்புத் திரையில ஆரஞ்சு எழுத்துல "இப்போ அணைக்கலாம்"னு வருமே, அது சும்மா மரியாதைக்கு வந்தது இல்லை. பென்டிரைவைச் சொல்லிட்டு எடுன்னு விண்டோஸ் கெஞ்சினதும் இதுக்குத்தான்.

நடுவுல படிக்கிற பக்கம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1988-ல வந்த சன்ஓஎஸ் 4.0 ஃபைல் கேஷையும் புரோகிராம் ஓடுற மெமரியையும் ஒண்ணா கலந்தது. இதுக்குன்னு 15 பஃபர், அதுக்குன்னு மிச்சம்னு பாகப்பிரிவினை இல்லை, காலியா இருக்கிற மெமரி எல்லாம் கேஷ். லினக்ஸ்ல இந்த இணைப்பு 2001 ஜனவரியில வந்த 2.4-ல முழுமையாச்சு. இதனாலதான் லினக்ஸ் சர்வர்ல மெமரி எப்பவுமே தீர்ந்துபோன மாதிரியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதுசுல நான் அதைப் பார்த்து அலறியடிச்சு, சர்வரை ரீஸ்டார்ட் பண்ணலாமான்னு டேமேஜரைக் கேட்டு, அசிங்கப்பட்டிருக்கேன். என்னை மாதிரி அலறினவங்க நிறைய பேர் போல. 2014-ல லினக்ஸ் 3.14-லிருந்து "உண்மையா எவ்வளவு கிடைக்கும்"னு தனியா ஒரு கணக்கே கொடுக்க ஆரம்பிச்சாங்க.

மறுபடி பொய்க்கு வருவோம். தாம்ப்ஸன் சொன்ன ரெண்டாவது, மூணாவது குறைக்கு மருந்து ஜர்னல். இது நம்ம கடைக்காரங்களுக்குப் பழக்கப்பட்ட விஷயம்தான். நடக்க நடக்க முதல்ல சிட்டையில குறி, அப்புறம் சாவகாசமா பேரேட்டுல ஏத்து. ஏத்தும்போது நடுவுல தடங்கல் வந்தா சிட்டையைப் பார்த்து மறுபடி ஏத்திக்கலாம். லினக்ஸ்ல ஈஎக்ஸ்டி3 இப்படித்தான், அதுவும் 5 நொடிக்கு ஒருமுறை. பல வருஷம் எல்லாரும் நிம்மதியா தூங்கினாங்க. அடுத்து வந்த ஈஎக்ஸ்டி4 வேகத்துக்காக, தகவலுக்கு டிஸ்க்ல எங்க இடம்னு முடிவு பண்றதையே தள்ளிப்போட்டது. 2009 தொடக்கத்துல உபுண்டு ஆட்கள் அலறினாங்க: மெஷின் தொங்கி ரீஸ்டார்ட் பண்ணா செட்டிங்ஸ் ஃபைலெல்லாம் பூஜ்ஜியம் பைட்!

ஈஎக்ஸ்டி4 எழுதின டெட் சோ சொன்னது என்னன்னா, தகவல் முக்கியம்னா எஃப்சின்க் கூப்பிட்டிருக்கணும், கூப்பிடாதது உங்க தப்பு. சட்டப்படி அவர் சரி. ஆனா அதுக்கு முந்தின வருஷம்தான் ஃபயர்ஃபாக்ஸ் 3 ஒழுங்கா எஃப்சின்க் கூப்பிட்டு, ஈஎக்ஸ்டி3-ல அது எல்லா ஃபைலையும் சேர்த்துக் கொட்ட வச்சு, உலாவியே உறைஞ்சு நிக்குதுன்னு திட்டு வாங்கியிருந்தது. கூப்பிட்டாலும் அடி, கூப்பிடலைன்னாலும் அடின்னா புரோகிராம் எழுதுறவன் எங்க போவான்? கடைசியில சோவே இறங்கி வந்து, பழைய ஃபைலைப் புதுசால மாத்துற மாதிரி தெரிஞ்சா உடனே எழுதிடுற மாதிரி ஒட்டுப் போட்டார். அதுதான் நியாயம்னு எனக்குப் படுது. ஊர்ல எல்லாரும் ஒரே தப்பைப் பண்றாங்கன்னா, சாலையை ஒழுங்கா போடலைன்னு அர்த்தம்.

மிச்சம் இருக்கிறது தாம்ப்ஸனோட முதல் குறை: தப்பு நடந்தா யார்கிட்ட சொல்றது? அது வெடிக்க சரியா நாப்பது வருஷம் ஆச்சு.

2018 மார்ச் கடைசியில போஸ்ட்கிரெஸ் டெவலப்பர் கிரெய்க் ரிங்கர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எஃப்சின்க் கூப்பிடுறோம், டிஸ்க்ல கோளாறு, தோத்துப்போச்சுன்னு பதில் வருது. போஸ்ட்கிரெஸ் என்ன பண்ணும்? சரி, இன்னொரு தடவைன்னு மறுபடி கூப்பிடும். இந்தத் தடவை "ஆச்சு"ன்னு பதில். அப்பாடான்னு அது தன் சிட்டையைக் கிழிச்சுப் போட்டுடும். ஆனா நிஜத்துல நடந்தது வேற. முதல் தடவை தோத்ததுமே லினக்ஸ் அந்தப் பக்கங்களை "சுத்தம்"னு குறிச்சு வச்சுடும். ரெண்டாவது தடவை எழுத எதுவுமே இல்லை, அதனால "ஆச்சு". தகவல் டிஸ்க்லயும் இல்லை, சிட்டையிலயும் இல்லை.

ஏன் இப்படின்னு கேட்டா கெர்னல் ஆட்கள்கிட்டயும் பதில் இருக்கு. நீங்க பாட்டுக்குப் பென்டிரைவை நடுவுல புடுங்கிட்டுப் போயிடறீங்க. எழுதவே முடியாத பக்கங்களை எத்தனை நாள் மெமரியில வச்சுக் காப்பாத்துறது? அதுவும் நியாயம்தானே. அடுத்த வருஷம் 2019 பிப்ரவரியில போஸ்ட்கிரெஸ் வழியை மாத்துச்சு. எஃப்சின்க் ஒரு தடவை தோத்தா மறுபடி கேட்காதே, மொத்த டேட்டாபேஸையும் நிறுத்து, சிட்டையிலிருந்து மறுபடி ஏத்து. இருபது வருஷமா நாம இதைத் தப்பா பயன்படுத்திட்டு இருந்தது எப்படின்னு, அவங்கள்ல ஒருத்தரே மேடை ஏறிப் பேசினார். உலகத்துலயே ரொம்ப ஜாக்கிரதையான டேட்டாபேஸ்னு பேர் வாங்கினவங்க!

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் ஆறுதல். கூடவே ஒரு உறுத்தலும். அவங்க கேட்டு ஏமாந்தாங்க. நான் கேட்கவே கேட்காதேன்னு சொல்லிட்டு ஏமாந்தேன்.

அதைவிட வெட்கம் ஒண்ணு இருக்கு. மூணு நொடி எதனால ஆச்சுன்னு அப்புறம்தான் பார்த்தேன். இருபது வரி உள்ள பில்லுல, ஒவ்வொரு வரியையும், அதுக்கான ஸ்டாக் குறைப்பையும் தனித்தனி பரிவர்த்தனையா எழுதியிருந்தேன். ஒரு பில்லுக்கு நாப்பது தடவை டிஸ்க் வாசல்ல காத்திருப்பு. எல்லாத்தையும் ஒரே பரிவர்த்தனையில கட்டியிருந்தா ஒரு தடவை நின்னா போதும். எஸ்க்யூலைட் தளத்துல அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்லயே இதுக்குப் பதில் இருக்கு. எனக்கு அந்த மூணு நொடி பொறுமை இல்லை.

சொல்ல மறந்துட்டேன். லினக்ஸ் கெர்னல்ல, எழுதாம கிடக்கிற பக்கம் எத்தனை நாழி பழசானா டிஸ்க்குக்கு விரட்டணும்னு ஒரு செட்டிங் இருக்கு. தானா வர்ற மதிப்பு 3000, நூறுல ஒரு பங்கு நொடிக் கணக்குல. வகுத்துப் பாருங்க, அதே முப்பது நொடி.

புரோகிராமைச் சரிபண்ணிட்டேன். அந்த வரியை எடுத்தாச்சு, பரிவர்த்தனை கட்டியாச்சு, யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி என் காசுல. சித்தப்பா மறுபடி சிட்டை எழுத ஆரம்பிச்சுட்டார், நானும் வாயைத் திறக்கல. போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ ஒரு பில் போட்டுட்டு, திரையைப் பார்த்து யோசிச்சபடியே கேட்டார்: "ஏம்ப்பா, நடுவுல ஒரு மூணு வாரம் இதைவிட வேகமா ஓடுச்சே?"